புகார்: வாஷிங் மெஷின் சத்தம்

மார்கழி 16, காலை 08.50

இந்த வாஷிங் மெஷினை வாங்கியவன் வாழ்நாளில் ஒருநாளும் தன் துணியைத் தானே துவைத்தவன் அல்ல.

முறைப்படி எழுத வேண்டியது: நிலா, தென்முனைப் பனிச்சுரங்கம், ஏழாம் நிலையம். பணியில் இருவர். முனீஸ்வரி, ஃபிட்டர்; அது நான். ஜெபஸ்டின், துளைப்பொறி ஓட்டுநர். காற்று சரி. மின்சாரம் சரி. துளைப்பொறிகள் ஓடுகின்றன. வாஷிங் மெஷின் சத்தம் நேற்றைவிட அதிகம்.

தினப்பதிவை மேலிடத்தில் யாரும் படிப்பதில்லை. எனக்குப் பிறகு இங்கே வருகிறவருக்காக எழுதுகிறேன். நீங்கள் படிப்பீர்கள். இங்கே வேறு பொழுதுபோக்கு இல்லை.

நிலையத்துக்கு ஒரே வழி. வெளிக்கதவு, இடையறை, உட்கதவு, அதற்கப்பால் நாங்கள் சாப்பிட்டுத் தூங்கும் அறை. வெளியே போய்த் திரும்பினால் இடையறையில் காற்றை நிரப்பி, விண்ணுடையைக் கழற்றி அங்கேயே மாட்டி, உள்ளுடையை அங்கேயே நிற்கும் மெஷினில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகலாம். நிலாத் தூசி பார்க்க மாவு மாதிரி இருக்கும். உண்மையில் அது கண்ணாடித் தூள். நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. இங்கே துவைப்பது மூச்சுக்காக. கம்பெனியின் சாமான் பட்டியலில் வாஷிங் மெஷின் "வசதிப் பொருட்கள்" என்ற தலைப்பின் கீழ், கேரம் போர்டுக்கு அடுத்து இருக்கிறது.

இது பூமியில் ஏதோ அடுக்குமாடி வீட்டுக்காகச் செய்த மெஷின். இங்கே எடை ஆறில் ஒரு பங்குதான். சுழலும் வேகம் மட்டும் குறையவில்லை. பிழியும்போது அறை முழுக்க நடக்கும். அதனால் பிழிந்து முடியும்வரை நாங்கள் இருவரும் அதன்மேல் ஏறி உட்காருவோம். வேலை அட்டவணையிலேயே "உட்காருதல்" என்று சேர்த்துவிட்டோம். பேரிங் போன சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு வானொலியில் பேசுவோம். வானொலியில் பேசுவதெல்லாம் தானாக எழுத்தாகி இந்தப் பதிவில் ஏறிவிடும். கீழே வருவது அப்படி வந்ததுதான்.

ஜெபஸ்டின்: "தள்ளி ஒக்காரு பிள்ள. எங்க ஊரு மினி பஸ்ஸுகூட இப்பிடி ஆடாது."

நான்: "டிக்கெட் எடுத்தாச்சாண்ணே?"

ஜெபஸ்டின்: "எதுக்கு? எங்கயும் போயிச் சேராத வண்டிக்கு டிக்கெட்டா?"

பிறகு இருமினார். இருமல் நாலு மாதமாக இருக்கிறது. புகார் அனுப்பிவிட்டேன்.

மார்கழி 17, காலை 10.20

உதவி மேசைக்கு அலுவலக நேரம் உண்டு. பத்து மணிக்கு மேல்தான் பதில் வரும்.

உதவி மேசை, பிரணவ்: "வணக்கம் மேம். உங்க புகார் பதிவாயிடுச்சு. ரிப்பேரா, ரீப்ளேஸ்மெண்டா, நீங்களே சொல்லலாம்."

நான்: "புதுசு கேட்டா எப்ப வரும்?"

பிரணவ்: "தை ரெண்டாம் தேதி கப்பல் கிளம்புது மேம். அதுல ஒரு இடம் இருக்கு."

நான்: "அந்த இடத்துல வேல்மயில்னு ஒரு வெல்டர் வர்றாரு. ஜெபஸ்டினுக்கு மாத்து ஆள்."

பிரணவ்: "ஆமா மேம். மெஷின் ஏத்தினா அவர் அடுத்த கப்பல்ல வருவாரு. சித்திரைக்கு அப்புறம்."

நிலையத்தில் இருவருக்குக் குறையக் கூடாது என்பது விதி. மாற்று ஆள் இறங்கினால்தான் ஜெபஸ்டின் ஏறலாம். அவர் மகளுக்கு ஈஸ்டர் முடிந்ததும் புதுநன்மை, முதல் நற்கருணை வாங்கும் நாள். பெரியதாழைக் கோயிலில் அந்தப் பிள்ளை வெள்ளைக் கவுனோடு நிற்கும்போது அப்பா பக்கத்தில் நிற்க வேண்டும். வீட்டில் ஏற்கெனவே சொல்லிவைத்துவிட்டார். அதையும் விடுங்கள். இந்த நுரையீரலோடு அவரால் இன்னொரு கப்பல் வரைக்கும் தாங்க முடியாது. மருத்துவக் கருவி காட்டும் எண் எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். நாங்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

ஒரு மனிதன் அல்லது ஒரு வாஷிங் மெஷின். இதை என்னிடம் விட்டுவிட்டு "நீங்களே சொல்லலாம்" என்கிறார்கள்.

ரிப்பேர் என்று சொல்லிவிட்டேன்.

மார்கழி 18, மாலை 16.40

மெஷினைப் பிரித்தேன். இங்கே வருவதற்கு முன் மதுரையில் ஒரு சர்வீஸ் கடையில் இரண்டு வருடம் இதே வேலை பார்த்தேன். பேரிங் மாற்றத் தெரியும். ஆனால் இந்த மெஷினில் பேரிங் இருக்கும் தொட்டியைத் திருகாணி போட்டு மூடவில்லை. உருக்கி ஒட்டியிருக்கிறார்கள். திறக்க வேண்டுமானால் உடைக்க வேண்டும். உடைத்தால் மூட முடியாது. கெட்டால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கு என்பதற்காகவே செய்தது. பூமியில் தூக்கிப் போட இடம் இருக்கிறது. குப்பைமேடாவதுதான் சில ஊர்களுக்கு விதி. எங்கள் ஊருக்கு வெளியேகூட அப்படி ஒரு மேடு உண்டு.

கையால் துவைக்கலாமே என்று கேட்பீர்கள். தண்ணீர் இல்லை. தினமும் டன் கணக்கில் பனிக்கட்டி வெட்டி அனுப்புகிறோம். அத்தனையும் ராக்கெட் எரிபொருளுக்குப் போகிறது. எங்களுக்கென்று ஒதுக்கிய தண்ணீர் மெஷினுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வடிகட்டிக்கொள்ளும் தண்ணீர்தான். ஒரு வாளி வெளியே எடுத்தால் அபாய விளக்கு எரியும். ஐஸ் கம்பெனிக்காரன் வீட்டில் தாகத்துக்குத் தண்ணீர் கிடையாது.

துவைக்காமல் இருக்கலாம். ஜெபஸ்டின் நேற்று அப்படித்தான் இருந்தார். இன்று காலை துப்பியதில் சிவப்பு.

மார்கழி 20, மதியம் 13.15

வழி கிடைத்துவிட்டது. சொன்னவர் ஜெபஸ்டின்.

ஜெபஸ்டின்: "ஏட்டி முனீசு, வள்ளத்துல எஞ்சின் ஆடுனா நாங்க அதுக்கு மேல ஏறியா ஒக்காருவோம்? பக்கத்து வங்குக்கட்ட மரத்தோட சேத்து போல்ட்டு போட்டு முறுக்கிருவோம். ஆட்டத்த மரம் வாங்கிக்கிடும்."

நான்: "இங்க மரத்துக்கு எங்கண்ணே போக?"

ஜெபஸ்டின்: "கதவுச் சட்டம் இருக்குல்லா. இந்த ரூம்லயே அதுதான் தடிமன்."

கதவுச் சட்டம் தடிமன்தான். வெளிக்கதவின் சட்டம். கை அகலத்துக்கு அலுமினியம். நான்கு துளை போட்டேன். வெளிப்பக்கம் வரைக்கும் போகவில்லை. முக்கால் ஆழத்தில் நிறுத்தி, மரை வெட்டி, மெஷினின் முதுகை அதோடு சேர்த்து முறுக்கினேன். பிழியும் வேகத்தில் ஓட்டிப் பார்த்தோம்.

மெஷின் நகரவில்லை. சத்தம் பாதிக்கும் கீழ். பேரிங் கரகரக்கிறது, ஆனால் மனிதர்கள் தாங்கும் அளவுதான். உட்கார வேண்டியதில்லை. ஜெபஸ்டின் மெஷினின் தலையில் தட்டிக்கொடுத்து "இனி நீ ஒத்தையில போ" என்றார். சத்தமாகச் சிரித்தோம். வெகு நாட்களுக்குப் பிறகு ஒருவர் சிரிப்பது மற்றவருக்குக் கேட்டது.

படம் எடுத்து அனுப்பினேன்.

பிரணவ்: "சூப்பர் மேம். புகார் தீர்ந்துதுன்னு போட்டுடட்டுமா?"

நான்: "போடுங்க. வேல்மயில் வர்றது உறுதிதானே?"

பிரணவ்: "புகார் முடிஞ்சா மெஷினுக்கு வேலையே இல்ல மேம். கவலைப்படாதீங்க."

மார்கழி 24, காலை 09.05

காற்று சரி. மின்சாரம் சரி. துவைப்பு தினமும் நடக்கிறது. ஜெபஸ்டினின் இருமல் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. மூட்டை கட்டத் தொடங்கிவிட்டார். மூட்டை என்றால் ஒரு பை, ஒரு செபமாலை, மகளுக்காகத் தேய்த்துத் தேய்த்து மணியாக்கிய ஒரு நிலாக்கல்.

பிழியும் நேரத்தில் படுத்திருந்தால் தலையணை வழியாகச் சுவர் முனகுகிறது. பல்லில் உணர முடிகிறது. காதுக்குக் கேட்கவில்லை. எழுதிவைக்கிறேன்.

போகி, காலை 10.15

விபத்து.

ஜெபஸ்டின் தன் துணியை மெஷினில் போட்டுவிட்டு உள்ளே போனார். நான் வெளியிலிருந்து வந்து, கதவை மூடி, இடையறையில் காற்றை நிரப்பினேன். மெஷின் பிழியத் தொடங்கியது. தலைக்கவசத்தைக் கழற்றக் கையைத் தூக்கினேன்.

சத்தம் மெலிந்தது. பிறகு இல்லை. டிரம் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

இது புரிய எனக்கு இரண்டு மூச்சு ஆனது. சத்தம் போகக் காற்று வேண்டும். காற்று போய்க்கொண்டிருந்தது.

கதவுச் சட்டத்தில் என் முதல் துளையிலிருந்து நான்காம் துளை வரைக்கும் ஒரு விரிசல். அங்கிருந்து வெளிப்பக்கம் வரைக்கும். மரம் ஆட்டத்தை வாங்கிக்கொள்ளும். அலுமினியம் ஒவ்வொரு ஆட்டத்தையும் கணக்கு வைத்துக்கொண்டு ஒருநாள் பிளக்கும். ஃபிட்டர் படிப்பில் முதல் வருடமே சொல்லிக்கொடுத்தார்கள். தேர்வில் எழுதி மார்க்கும் வாங்கினேன்.

மெஷினை நிறுத்திவிட்டேன். இடையறையில் காற்று இல்லாததால் உட்கதவு பூட்டிக்கொண்டது. அது சரியாகத்தான் வேலை செய்கிறது. ஜெபஸ்டின் உள்ளே இருக்கிறார். அவருடைய விண்ணுடை இங்கே, எனக்குப் பக்கத்தில் கொக்கியில் தொங்குகிறது. அவரால் வெளியே வர முடியாது. என்னால் உள்ளே போக முடியாது.

போகி, காலை 11.50

விரிசலை அடைக்க முயன்றேன். ஒட்டும் சாமான் எல்லாம் உள்ளே, அவர் பக்கம். எனவே மெஷினின் கதவு ரப்பரை அறுத்து விரிசலில் திணித்து, மெஷினின் முதுகுத் தகட்டை வைத்து முட்டுக்கொடுத்தேன். ஜெபஸ்டின் உள்ளிருந்து தொட்டிக் காற்றைத் திறந்துவிட்டார். அழுத்தம் ஏறியது. பாதி வந்தது. முக்கால் வந்திருந்தால் பூட்டு விட்டிருக்கும்.

ரப்பர் பிய்த்துக்கொண்டு வெளியே போனது.

தொட்டியில் பாதிக் காற்றும் அதோடு போய்விட்டது. மிச்சத்தை இருவரும் பங்கிடுகிறோம். இடையறைச் சுவரில் விண்ணுடைக்கான காற்றுக்குழாய் இருக்கிறது. அதன் வால்வு உள்ளே, அவர் கையில். கணக்குப் பார்த்தேன். கப்பல் தை இரண்டில் கிளம்பி நான்கு நாளில் சேரும். அதுவரைக்கும் இழுத்துப் பிடித்தால் இருவருக்கும் போதும். வேல்மயில் வெல்டிங் கருவியோடு வருகிறார். வெளியிலிருந்து சட்டத்தைப் பற்றவைத்துவிட்டால் கப்பல் காற்றால் இடையறையை நிரப்பலாம். கதவு திறக்கும். ஜெபஸ்டின் ஊருக்குப் போவார்.

ஜெபஸ்டின்: "ஏ பிள்ள, தாகத்துக்கு என்ன செய்த?"

நான்: "மெஷின் தொட்டியில குழாய மாட்டியிருக்கேன்ணே. சோப்பு வாடை."

ஜெபஸ்டின்: "நல்லது. ஒனக்கு வாய் கொஞ்சம் கழுவ வேண்டியதுதான்."

போகி, மதியம் 12.30

அவசர இணைப்பில் பேசினேன். மனிதக் குரல் இல்லை.

தானியங்கி: "ஏழாம் நிலையம், வெளிக்கதவுச் சட்டம். இந்தப் பகுதி ஏற்கெனவே 'வாஷிங் மெஷின் சத்தம்' என்ற புகாருடன் இணைக்கப்பட்டுள்ளது. நிலை: தீர்க்கப்பட்டது. மீண்டும் திறக்க உதவி மேசையை அணுகவும்."

உதவி மேசை: "போகி மற்றும் பொங்கல் நல்வாழ்த்துகள். அலுவலகம் தை நான்காம் நாள் திறக்கும்."

எங்கள் அழுத்தமானி, எங்கள் விரிசல், எங்கள் உயிர். எல்லாம் வசதிப் பொருட்கள்.

பொங்கல், காலை 09.40

பிரணவ் தன் வீட்டிலிருந்து பேசினான். புகார் அவன் பெயரில் இருப்பதால் அவன் போனில் எச்சரிக்கை வந்திருக்கிறது. பின்னால் குக்கர் விசிலும் குழந்தைகளின் கூச்சலும் கேட்டன. "மேம்" போய்விட்டது.

பிரணவ்: "அக்கா, இதை நான் சொன்னேன்னு வெளிய தெரியக் கூடாது. புகார் வந்த அன்னிக்கே பர்ச்சேஸ்ல புது மெஷினுக்கு ஆர்டர் போட்டுட்டாங்க. போகி எக்ஸ்சேஞ்ச் சலுகை முடியப் போகுதுன்னு."

நான்: "புகாரத்தான் முடிச்சோமே?"

பிரணவ்: "அது எங்க டிபார்ட்மெண்ட். ஆர்டர் அவங்க டிபார்ட்மெண்ட். மெஷின் நேத்தே கப்பல்ல ஏறிடுச்சுக்கா. வேல்மயில் அண்ணன ஊருக்குப் போகச் சொல்லிட்டாங்க. அவர் போகல. பையோட ஏவுதள ஹாஸ்டல்லயே உட்கார்ந்திருக்காரு."

நான்: "இறக்கச் சொல்லு. இங்க கதவு உடைஞ்சிருக்கு, பிரணவ்."

பிரணவ்: "தெரியும்கா. எல்லாருக்கும் போன் போட்டுட்டேன். யாரும் எடுக்கல. இன்னொண்ணு... பழைய மெஷினத் திருப்பி அனுப்பினாத்தான் சலுகையாம். திரும்பி வர்ற இடத்தையும் அதுக்கே எழுதியிருக்காங்க."

வானொலியில் ஜெபஸ்டினும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கவில்லை.

ஜெபஸ்டின்: "அப்பம் எம் மக புதுநன்மைக்கு மெஷினு வந்து நிக்குமாங்கும்? ஃபாதர் கேட்டா என்ன சொல்லுவாவ? பிள்ளைக்கித் தகப்பன், கொஞ்சம் சத்தம் போடுவாருன்னா?"

பிரணவ் அழுதான் என்று நினைக்கிறேன். அவனும் ஒப்பந்தக்காரன். பண்டிகை நாளில் வேலை செய்ததற்குக் கூலி கிடையாது. வேலை போகத்தான் வழி உண்டு.

பொங்கல், மாலை 15.00

உள்ளே அழுத்தம் குறைகிறது. மீட்டரை இங்கிருந்தே பார்க்க முடிகிறது. கசிவு இல்லை. அவரே குறைக்கிறார். என் குழாயில் மட்டும் அளவு கூடியிருக்கிறது.

நான்: "அண்ணே, வால்வ மூடுங்க. எனக்கு இவ்வளவு வேண்டாம்."

ஜெபஸ்டின்: "கப்பல் வரும். மெஷினத் தூக்கி வெளிய எறி. அந்த எடத்துல நீ ஒக்காரு. அத்தன நாளு மெஷினு மேல ஒக்காந்து பழகியாச்சுல்லா."

நான்: "நீங்க?"

ஜெபஸ்டின்: "நான் வெல்டர் வாற வரைக்கும் இருக்கேன்."

சித்திரைக்கு அப்புறம். அவ்வளவு காற்று இந்த நிலாவிலேயே இல்லை.

ஆமாம், நான் போகலாம். வெளிக்கதவு திறக்கும். விண்ணுடை இருக்கிறது. கப்பல் வாசலில் வந்து நிற்கும். எனக்கு எல்லாம் இருக்கிறது. அதனால்தான் இந்த அறையில் நிற்க முடியவில்லை. கதவுக்குக் கதவு ஆறு எட்டு நடை. கொக்கியில் அவர் உடை தொங்குகிறது. திரும்பும்போதெல்லாம் ஓர் ஆள் நிற்பது போலத் திடுக்கிடுகிறேன்.

மாட்டுப் பொங்கல், காலை 07.30

பிரணவை அழைத்தேன்.

தானியங்கி: "இந்தப் பணியாளர் தற்போது நிறுவனத்தில் இல்லை."

கப்பல் பதினொரு மணிக்குக் கிளம்புகிறது. ஏவுதள இணைப்பில் குரல் போகாது. நாம் பேசியது அங்கே திரையில் எழுத்தாக ஓடும். அங்கே ஆள் இருக்கிறார்கள், பண்டிகையானாலும் கப்பல் விடுவதற்கு ஆள் இருப்பார்கள். யாராவது நிமிர்ந்து பார்த்தால் போதும்.

08.10

ஏவுதளத்துக்கு: ஏழாம் நிலையத்தில் கதவுச் சட்டம் பிளந்துவிட்டது. உள்ளே ஒருவர் சிக்கியிருக்கிறார். கப்பலில் இருக்கும் வாஷிங் மெஷின் எங்களுக்கு வேண்டாம். அதை இறக்கிவிட்டு வெல்டர் வேல்மயிலை ஏற்றுங்கள். ஹாஸ்டலில் இருக்கிறார்.

பதில் இல்லை.

09.20

ஏவுதளத்துக்கு: மேலே உள்ளதே. விரிசலின் படமும் அவருடைய மருத்துவ எண்ணும் இணைத்திருக்கிறேன். மகள் பெயர் ஜெனிலா. ஒன்பது வயது. அது உங்களுக்குத் தேவையில்லை, தெரியும்.

பதில் இல்லை.

ஜெபஸ்டின் பேசுவதைக் குறைத்துவிட்டார். இருமல் மட்டும் வானொலியில் வருகிறது. வந்தால் நல்லது.

10.05

துளைப்பொறிகள் இரண்டும் ஓடிக்கொண்டிருக்கின்றன. இடையறைச் சுவரின் அவசர விசையால் அவற்றை நிறுத்தினேன். பனி வெட்டு நின்ற இரண்டாவது நிமிடத்தில் மேலிடத்திலிருந்து செய்தி வந்தது. மனிதர் எழுதியது. "ஏன் உற்பத்தி நின்றது?"

எழுதினேன். எல்லாவற்றையும் எழுதினேன். வெல்டரை ஏற்றினால் பொறிகளை ஓட்டுகிறேன் என்று எழுதினேன்.

படித்ததற்கான குறி வந்தது.

பிறகு துளைப்பொறிகள் தாமாக ஓடத் தொடங்கின. அங்கிருந்தே ஓட்ட முடியும் போல. எங்களுக்கு யாரும் சொன்னதில்லை.

10.35

இருமல் கேட்கவில்லை. தூங்குகிறார் என்று எழுதுகிறேன்.

கதவைத் தட்டினேன். இங்கே காற்று இல்லை, தட்டினாலும் சத்தம் வராது. உலோகம் வழியாகப் போகும். கையை வைத்துப் பார்த்தேன். திரும்பி ஒரு தட்டு வந்தது. வந்தது. நான் கற்பனை செய்யவில்லை.

10.48

ஏவுதளத்துக்கு: உயிரோடு இருக்கிறார். தட்டினார். இன்னும் நேரம் இருக்கிறது. ஒரு மெஷினை இறக்க இரண்டு ஆள் போதும். உங்களில் யாராவது

10.53

ஏவுதளத்துக்கு: பூமியில் மெஷின் இல்லாமல் எத்தனை பேர் துவைக்கிறார்கள், ஒரு மெஷினுக்காக ஒரு மனிதனை

குழாயில் காற்று இன்னும் கூடியிருக்கிறது. அண்ணே மூடுங்க அண்ணே

10.57

ஏவுதளத்துக்கு: படிக்கிறீர்கள். குறி வருகிறது. நான் அனுப்புகிற ஒவ்வொன்றுக்கும் படித்ததாகக் குறி வருகிறது.

மெஷினை இறக்கு. வேல்மயிலை ஏற்று. ஆம் என்று சொல், இல்லை என்று சொல். வாயைத் திறந்து சொல்.